‘குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார்’: பிறகு எது வன்முறை?

குமரி மாவட்டத்தில் ஒரு பெண் கணவன் வீட்டிலிருந்து பெட்டியோடு அம்மா வீட்டுக்கு வந்து நின்றால், முதலில் வரும் கேள்விகள் இரண்டுதான். குடிப்பானா? அடிப்பானா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்று அவள் சொல்லிவிட்டால், “பிறகு உனக்கு என்ன குறை பிள்ளே?” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. மணமான இளம்பெண்ணின் இறப்புச் செய்தி வரும்போதும் இதே குழப்பம்தான். உடலில் காயம் இல்லை, அக்கம்பக்கத்தில் யாரும் சத்தம் கேட்கவில்லை, மாதாமாதம் பணமும் வந்திருக்கிறது; இதில் கொடுமை எங்கே என்று படிப்பவர்கள் கேட்கிறார்கள்.

அடியையும் குடியையும் மட்டும் தேடினால் அந்தக் கொடுமை கண்ணில் படாது. அது எப்படி இயங்குகிறது, அதை எப்படி அடையாளம் காண்பது, நம் சட்டத்தில் அதற்கு எங்கே இடமிருக்கிறது, எந்த இடத்தில் வழக்கு சறுக்குகிறது என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

வன்கட்டுப்பாடு என்றால் என்ன

ஒருவர் தன் துணையின் அன்றாட வாழ்வை, அதாவது போகும் இடம், செலவழிக்கும் பணம், பேசும் ஆள், உடுத்தும் உடை, தூங்கும் நேரம் வரை, விதிகள் போட்டும் கண்காணித்தும் மீறினால் தண்டித்தும் தன் கைக்குள் வைத்துக்கொள்வதை வன்கட்டுப்பாடு எனலாம். அமெரிக்கச் சமூகவியலாளர் இவான் ஸ்டார்க் 2007இல் இதை விரிவாக முன்வைத்தார். குடும்ப வன்முறையைத் தனித்தனி அடிகளாக எண்ணுவது தவறு, அதன் முதன்மையான பாதிப்பு காயமல்ல, சுதந்திரம் பறிபோவது என்பதே அவர் வாதம். பணயக் கைதியின் நிலைக்கு அவர் இதை ஒப்பிட்டார்.

இங்கே அடி தேவையே இல்லாமல் போகலாம். திருமணமான புதிதில் ஒருமுறை ஓங்கிய கை, ஒருமுறை சுவரில் எறிந்து உடைத்த கைப்பேசி, ஒருமுறை இரவில் வெளியே தள்ளிப் பூட்டிய கதவு இருந்தால் போதும். அதன்பின் பல ஆண்டுகளுக்கு ஒரு பார்வையே வேலையைச் செய்துவிடும். அதனால்தான் ‘கடைசியாக எப்போது அடித்தார்?’ என்ற கேள்விக்குப் பதில் கிடைப்பதில்லை.

எப்படிக் கட்டப்படுகிறது

எந்தக் கணவனும் முதல் வாரத்திலேயே ‘நீ யாரோடும் பேசக்கூடாது’ என்று சொல்வதில்லை. படிகள் ஏறக்குறைய இப்படிப் போகும். வரிசை வீட்டுக்கு வீடு மாறலாம்.

1. நெருக்கம் என்ற பெயரில் நுழைதல். கைப்பேசியின் கடவுச்சொல்லைப் பகிரச் சொல்வது, நாளுக்குப் பத்து அழைப்பு, ‘உன்மேல் உள்ள பாசத்தில்தான்’ என்ற விளக்கம். இந்தக் கட்டத்தில் வீட்டார்கூடப் பெருமைப்படுவார்கள்.

2. ஆட்களைக் கழித்தல். முதலில் தோழிகள், பிறகு சித்தி மகன், பிறகு அக்கா. ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் காரணம் கண்டுபிடிக்கப்படும். அம்மா வீட்டுக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் முகம்கொடுத்துப் பேசாமல் இருந்தால் போதும். நாளடைவில் அவளே போவதைக் குறைத்துக்கொள்வாள். வெளியில் பார்ப்பவர்களுக்கு அது அவள் முடிவாகவே தெரியும்.

3. பணத்தைக் கைக்குள் கொண்டுவருதல். எழுத்தறிவில் 2011 கணக்கெடுப்பின்படி 91.75 விழுக்காட்டோடு மாநிலத்திலேயே முன்னால் நின்ற மாவட்டம் இது. ஆசிரியைகளும் செவிலியர்களும் நிறைந்த ஊர்கள். ஆனால் படித்த பெண்ணின் சம்பளக் கணக்கு ஏடிஎம் அட்டை யார் பையில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) கூலியானாலும், மகளிர் உரிமைத் தொகையானாலும், வெளிநாட்டு மருத்துவமனைச் சம்பளமானாலும் முறை ஒன்றே: கணக்கு அவள் பெயரில், குறுஞ்செய்தி அவன் எண்ணுக்கு. சீதன நகை மாமியாரின் அலமாரியிலோ அடகுக் கடையிலோ இருக்கும்; அடகு ரசீது கணவன் பெயரில் இருக்கும். மகளிர் குழுக் கடன் அவள் பெயரில் எடுக்கப்பட்டு அவன் செலவழித்திருப்பான். வாரத் தவணைக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள்.

4. சின்ன விதிகள். கறி எந்தச் சூட்டில் இருக்க வேண்டும், குளிக்க எத்தனை நிமிடம், சந்தைக்குப் போய்த் திரும்ப எவ்வளவு நேரம், சுரிதார் போடலாமா, முடியை எப்படி முடிவது. விதிகள் அடிக்கடி மாறும். அதில்தான் அவற்றின் பலமே இருக்கிறது. இன்று எந்த விதி என்று தெரியாதவள் நாள் முழுவதும் அவன் மனநிலையைப் படித்துக்கொண்டே இருப்பாள். வேறெதையும் நினைக்க அவளுக்கு நேரம் மிஞ்சாது.

5. அவள் சொல்லை நம்பாதபடி செய்தல். ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’, ‘உனக்கு மண்டைக்குச் சரியில்லை’, ‘ஆஸ்பத்திரியில் காட்டணும்’. பிள்ளைகள் முன்னாலும் மாமியார் முன்னாலும் இது திரும்பத் திரும்பச் சொல்லப்படும். ஒருநாள் அவள் வெடித்து அழுதால் அதுவே அதற்குச் சாட்சியாகிவிடும்.

6. மிரட்டல். பிள்ளையைப் பிரித்துவிடுவேன், படத்தை ஊர் குழுவில் போட்டுவிடுவேன், நான் செத்துப்போவேன். மூன்றாவதை மிரட்டலாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை, அவனுக்காக அனுதாபப்படுகிறார்கள். அவள் ஏதாவது ஒன்றைக் கேட்கும்போதெல்லாம் வருமானால் அது மிரட்டல்தான்.

அக்கறைக்கும் கட்டுப்பாட்டுக்கும் இடையில்

எல்லா வீட்டிலும் சண்டை உண்டு, சந்தேகம் உண்டு, சிக்கனம் உண்டு. எல்லாவற்றையும் வன்கட்டுப்பாடு என்று அழைத்தால் அந்தப் பெயருக்குப் பொருளே இருக்காது. பிரித்தறிய உதவும் கேள்விகள் சில.

முதலாவது, அவள் ‘முடியாது’ என்று சொன்னால் என்ன நடக்கும்? வாக்குவாதம் வந்து ஆறிவிட்டால் அது சண்டை. விலை கொடுக்க வேண்டியிருந்தால், அதாவது பேச்சு நிற்பது, பணம் நிற்பது, கைப்பேசி பறிபோவது, பிள்ளைக்குத் திட்டு விழுவது என்று ஏதோ ஒன்று நிச்சயம் வருமானால், அது கட்டுப்பாடு. இதைவிடக் கூர்மையான கேள்வி வேறில்லை.

இரண்டாவது, விதி இருவருக்கும் பொருந்துமா? அவள் கைப்பேசியை அவன் பார்க்கலாம். அவன் கைப்பேசியை அவள் தொட முடியுமா? வீட்டு வரவு செலவு இருவருக்கும் தெரியுமா?

மூன்றாவது, மூன்று ஆண்டுகளுக்கு முன் அவள் தானாகச் செய்துகொண்டிருந்த எவற்றை இப்போது செய்வதில்லை? வேலை, பாட்டுக்குழு, தையல் வகுப்பு, ஞாயிறு மாலை தோழி வீடு. பட்டியல் நீளமாக இருந்து, ஒவ்வொன்றையும் ‘நானே விட்டுட்டேன்’ என்று அவள் சொன்னால், ஏன் விட்டாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

நான்காவது, அவன் ஊரில் இல்லாதபோதும் அவள் அதே விதிகளின்படிதான் நடக்கிறாளா?

இவை புதுமையான கேள்விகளும் அல்ல. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இதையே கேட்கிறது: மனைவி மற்ற ஆண்களோடு பேசினால் கணவர் கோபப்படுகிறாரா, நடத்தையில் பழி சொல்கிறாரா, தோழிகளைச் சந்திக்க விடுவதில்லையா, பிறந்த வீட்டுத் தொடர்பைக் குறைக்கப் பார்க்கிறாரா, எந்நேரமும் எங்கே இருக்கிறாய் என்று தெரிந்தாக வேண்டும் என்கிறாரா? ஆனால் அறிக்கை வெளிவந்தால் செய்தியாவது உடல் வன்முறை எண்ணிக்கை மட்டுமே. இந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.

கடல் கடந்த கட்டுப்பாடு

‘அவரு சவுதியிலே இருக்காரு, அங்கே இருந்து என்ன பண்ணிர முடியும்?’ என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. கணவன் வளைகுடாவிலும் மனைவி கருங்கல்லிலோ தக்கலையிலோ இருக்கும் குடும்பங்கள் ஏராளமுள்ள மாவட்டம் இது. தொலைவைக் கைப்பேசி இல்லாமல் ஆக்கிவிட்டது. வழக்கமான வழிகள் இவை:

காணொலி அழைப்பு ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். ‘எதுக்கு போன் எடுக்கல்ல?’ என்று கேட்டு, பிறகு ‘கேமராவைத் திருப்பு, அறையைக் காட்டு’ என்று வரும். சமையலறை மேடையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துவிட்டு வேலை செய்யும் பெண்கள் உண்டு. வாசலிலும் கூடத்திலும் வைத்த கண்காணிப்புக் கேமராவின் காட்சி அவன் கைப்பேசிக்குப் போகும். திருட்டுப் பயத்துக்கு என்று வைத்த கேமரா வீட்டுக்குள்ளே திரும்பி இருந்தால் காரணம் வேறு.

அவள் வாட்ஸ்அப்பை வேறொரு கருவியில் இணைத்து வைப்பது மிக எளிது. ஒருமுறை அவள் கைப்பேசி அவன் கையில் ஒரு நிமிடம் இருந்தால் போதும். வாட்ஸ்அப் அமைப்புகளில் ‘லிங்க்டு டிவைசஸ்’ என்ற இடத்தில் இணைந்த கருவிகளின் பட்டியல் தெரியும். கூகுள் மேப்ஸில் ‘லொகேஷன் ஷேரிங்’, கூகுள் கணக்கில் ‘யுவர் டிவைசஸ்’ ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘டிவைஸ் அட்மின்’ அனுமதியும் ‘அக்சசிபிலிட்டி’ அனுமதியும் பெற்ற செயலிகளில் பெயர் தெரியாதது ஏதேனும் இருந்தால் அது உளவுச் செயலியாக இருக்கலாம். கைப்பை, வண்டி இருக்கைக்கு அடியில் வைக்கும் சிறு புளூடூத் கருவிகளும் கடைகளில் கிடைக்கின்றன. முன்பின் தெரியாத கருவி கூடவே வருகிறது என்று கைப்பேசியே எச்சரித்தால் அதைத் தள்ளிவிடக் கூடாது.

இதில் பலர் செய்யும் பிழை, கண்டுபிடித்த உடனே எல்லாவற்றையும் நீக்குவது. இணைப்பு அறுந்த அதே நேரத்தில் அவனுக்குத் தெரிந்துவிடும். அன்றிரவே விசாரணை தொடங்கும். முதலில் வேறொருவர் கைப்பேசியால் திரையைப் படம் எடுத்து வைக்க வேண்டும். உதவி கேட்கும் அழைப்புகளுக்கும் தேடல்களுக்கும் நம்பிக்கையானவர் கைப்பேசியைப் பயன்படுத்த வேண்டும். பாதுகாப்பான இடத்துக்குப் போகும் நாளில் அல்லது போன பிறகுதான் நீக்க வேண்டும்.

மற்றொரு பக்கமும் இருக்கிறது. மனைவி செவிலியராக வெளிநாட்டில், கணவன் ஊரில். அவள் சம்பளம் வரும் கணக்கை அவன் இயக்குகிறான். அவள் கொடுத்த பவர் பத்திரத்தை வைத்து மனை வாங்குவதும் விற்பதும் நடக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை விடுப்பில் வருபவளுக்கு வீட்டுக் கணக்கு கேட்கும் உரிமை இல்லை. சம்பாதிப்பவள் கையில்தான் அதிகாரம் இருக்கும் என்ற நினைப்பு இங்கே உடைந்துபோகிறது.

நம் சட்டத்தில் இதன் இடம்

இங்கிலாந்து, வேல்ஸில் 2015 டிசம்பர் முதல் வன்கட்டுப்பாடு தனிக் குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை. ஸ்காட்லாந்தில் 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் பதினான்கு ஆண்டு வரை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2024 ஜூலையில் கொண்டுவந்தது. இந்தியாவில் அந்தப் பெயரில் தனிக் குற்றம் கிடையாது. அதனால் ‘சட்டத்தில் இடமில்லை’ என்று கைவிரிப்பவர்கள் உண்டு, அது சரியல்ல.

2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் (நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26) பிரிவு 3இல் உடல், பாலியல், சொல் மற்றும் உணர்வு, பொருளாதாரம் என நான்கு வகை வன்முறையைச் சொல்கிறது. பெண்ணுக்கு உரிய பணத்தைத் தராமல் தடுப்பது, சீதனத்தை விற்பது, வீட்டின் வசதிகளைப் பயன்படுத்த விடாமல் செய்வது எல்லாம் பொருளாதார வன்முறை. ஒரு அடிகூட விழாமல் இந்தச் சட்டத்தின்கீழ் மனு போட முடியும். கணவன் மட்டுமல்ல, மாமியாரையும் நாத்தனாரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். சட்டத்தில் இருந்த ‘வயதுவந்த ஆண்’ என்ற வரம்பை உச்ச நீதிமன்றம் 2016இல் நீக்கியது. கூட்டுக் குடும்பத்தில் அண்ணனோ அப்பாவோ செய்யும் கட்டுப்பாட்டுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல், கணவன் வீட்டுக் கொடுமையைத் தண்டித்த பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவின் இடத்தில் இருக்கின்றன. மூன்று ஆண்டு வரை சிறை. பெண்ணைத் தற்கொலைக்குத் தள்ளக்கூடிய அல்லது அவள் உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கடும் கேடு விளைவிக்கக்கூடிய நடத்தையும் அங்கே கொடுமைதான். பிரிந்த பின்னும் பின்தொடர்வது 78ஆம் பிரிவில் தனிக் குற்றம்.

சீதனம் குறித்து ஒரு வார்த்தை. திருமணத்தில் பெண்ணுக்குக் கொடுத்த நகையும் பொருளும் அவளுடைய தனிச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1985இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. கணவன் வீட்டார் அதைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள்தான். திருப்பித் தர மறுப்பது நம்பிக்கை மோசடியாகும். நிரூபிப்பதுதான் சிக்கல். திருமணப் பரிசுகளுக்கு இருதரப்பும் கையெழுத்திட்ட பட்டியல் வைக்க 1985ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நம் ஊரில் நூறு பவுன் போட்டவர்கள்கூட அதை எழுதுவதில்லை. அப்படியானால் நகைக்கடை ரசீது, திருமண ஆல்பம், வீடியோ ஆகியவைதான் சான்று. நகை அணிந்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொரு உருப்படியாகப் பட்டியல் எழுதலாம்.

எங்கே போவது, என்ன கேட்பது

181 மகளிர் உதவி எண் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும். உடனடி ஆபத்துக்கு 112. ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மருத்துவம், ஆலோசனை, சட்ட உதவி, சில நாள் தங்குமிடம் ஒரே இடத்தில் கிடைக்கும். மாவட்டச் சமூகநலத் துறையின்கீழ் உள்ள பாதுகாப்பு அலுவலர் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதி நீதித்துறை நடுவருக்கு அனுப்புவார். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணில் அல்லது நாகர்கோவில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

மனுவை அவள் இப்போது தங்கியிருக்கும் இடத்து நீதிமன்றத்தில் போடலாம் (குடும்ப வன்முறைச் சட்டம், பிரிவு 27). கணவன் வீடு கேரளத்தின் நெய்யாற்றின்கரையிலோ சென்னையிலோ இருந்தாலும், அம்மா வீடு தக்கலையில் என்றால் பத்மநாபபுரம் நீதிமன்றம் போதும். எல்லை தாண்டிய திருமணங்கள் மிகுந்த மாவட்டத்தில் இது பெரிய வசதி, பலருக்குத் தெரியாது.

முதல் விசாரணை மூன்று நாளுக்குள், மனுவை முடிப்பது அறுபது நாளுக்குள் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா போகும். ஆகவே பிரிவு 23இன்கீழ் இடைக்கால உத்தரவை முதல் நாளே தனி மனுவாகக் கேட்க வேண்டும். கேட்காததால் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் அநேகம்.

கேட்பதையும் துல்லியமாகக் கேட்க வேண்டும். ‘தகுந்த பாதுகாப்பு’ என்று பொதுவாக எழுதினால் உத்தரவும் பொதுவாகவே வரும். பிரிவு 18இல் என்னென்ன கேட்கலாம் என்பதற்குச் சில:

1. தொலைபேசி, வாட்ஸ்அப், உறவினர் வழி எதிலும் தொடர்புகொள்ளக் கூடாது.
2. வேலை செய்யும் இடத்துக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் வரக் கூடாது.
3. கூட்டு வங்கிக் கணக்கையும் லாக்கரையும் நீதிமன்ற அனுமதியின்றி இயக்கக் கூடாது. நகை, மனையை விற்கக் கூடாது.

வீட்டில் தங்கும் உரிமை 17, 19ஆம் பிரிவுகளில். வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அது பகிர்ந்து வாழ்ந்த வீடாக இருக்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் 20, பிள்ளையின் தற்காலிகப் பொறுப்பு 21, இழப்பீடு 22. உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அது பிணையில் விட முடியாத குற்றம்.

மனு எங்கே சறுக்குகிறது

‘எதிர்மனுதாரர் என்னை மனரீதியாகவும் உடல்ரீதியாகவும் கொடுமைப்படுத்தினார், வீட்டுச் செலவுக்குப் பணம் தரவில்லை.’ ஆயிரம் மனுக்களில் இதே வாக்கியம்தான் இருக்கும். இதை மறுக்க எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு ஒரு நிமிடம் போதும்: அவர் அனுப்பிய பணத்தின் வங்கிச் சான்றை நீட்டுவார்.

வன்கட்டுப்பாட்டை எழுத்தில் கொண்டுவர ஒவ்வொரு நிகழ்வுக்கும் நான்கு விவரம் வேண்டும்: தேதி, போடப்பட்ட விதி, மீறியபோது நடந்தது, அதற்குப் பின் அவள் கைவிட்டது. உதாரணத்துக்கு: ‘2024 ஜூன் முதல் என் சம்பளக் கணக்கின் ஏடிஎம் அட்டை அவரிடம் உள்ளது. மாதச் சம்பளம் 18,000 ரூபாய். என் கைக்குத் தருவது 500 ரூபாய். அக்டோபர் 12 அன்று அம்மாவின் மருந்துக்கு 1,200 ரூபாய் கேட்டேன். என் கைப்பேசியைப் பிடுங்கி மூன்று நாள் பூட்டி வைத்தார். அதன்பின் அம்மா வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.’ கடைசி வாக்கியம்தான் வழக்கின் எலும்பு. தனித்தனியாகப் பார்த்தால் அற்பமாகத் தெரிவதை அதுதான் ஒரே ஏற்பாடாகக் கோக்கிறது. வழக்கறிஞர்கள் பெரும்பாலும் வெட்டியெறிவதும் அதைத்தான்.

சான்று ஏற்கனவே பல இடங்களில் கிடக்கும். வங்கி அறிக்கை, ஒரே நாளில் முப்பது முறை வந்த அழைப்புகளின் பதிவு, வேலையை விட்ட கடிதம், அடகு ரசீது, மருத்துவமனை ஓ.பி. சீட்டு. வாட்ஸ்அப் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது எண்ணும் தேதியும் தெரிய வேண்டும். வெட்டவோ வட்டமிடவோ கூடாது. மூலக் கைப்பேசியை விற்கவோ அழிக்கவோ கூடாது. மின்னணுச் சான்றோடு பாரதிய சாட்சிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுச் சான்றிதழ் இணைக்க வேண்டும். கணவன் மனைவி உரையாடலை இரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் மணவாழ்க்கை வழக்கில் அதைச் சான்றாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறிப்பேடு எழுதினால் அது அந்த வீட்டில் இருக்கக் கூடாது.

‘உட்கார்ந்து பேசித் தீர்ப்போம்’

காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்துவிட்டு இருவரையும் அழைத்துப் பேசுவது வழக்கம். பங்குத்தந்தை, சபைப் போதகர், ஜமாஅத், சமுதாயத் தலைவர் என்று ஊரிலும் அதே முறை. சாதாரணச் சண்டைக்கு இது பயன்படும். வன்கட்டுப்பாட்டில் இது ஆபத்து, காரணம் எளிது: அவன் எதிரில் அவள் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் அன்றிரவு வீட்டில் கணக்குக் கேட்கப்படும். அது தெரிந்த பெண் மேசையில் ஒன்றும் சொல்ல மாட்டாள். அவன் அமைதியாக, மரியாதையாக, ஆதாரத்தோடு பேசுவான். அவள் தடுமாறுவாள், அழுவாள். பார்ப்பவர்களுக்கு யார் ‘நிதானமானவர்’ என்று தோன்றும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பேச உட்காருகிறவர்கள் அவளைத் தனி அறையில், தனி நாளில், முதலில் கேட்க வேண்டும். சமரசம் எழுதுவதானால் ‘இனி ஒற்றுமையாக வாழ்வோம்’ என்று எழுதுவது வீண். எந்தத் தேதிக்குள் ஏடிஎம் அட்டை திரும்பும், கேமரா எப்போது கழற்றப்படும், வாரம் எத்தனை முறை அம்மா வீடு என்று எழுத வேண்டும். இதற்கு அவன் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே பதில்.

உயிராபத்தின் அடையாளங்கள்

வன்கட்டுப்பாடு உள்ள உறவில் மிக ஆபத்தான காலம் அவள் வெளியேறும் நேரமும் அதையொட்டிய மாதங்களும். ‘வந்துட்டா, இனி பயமில்லை’ என்று அம்மா வீட்டார் நினைப்பது தவறு. பிடி நழுவுகிறது என்று தெரியும்போதுதான் அதுவரை அடிக்காதவனும் கத்தி எடுக்கிறான்.

கழுத்தை நெரித்தல் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. ஒருமுறை கழுத்தை நெரித்த துணையால் பிற்காலத்தில் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று அமெரிக்காவில் 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. வெளியே தடயம் தெரியாமல் இருக்கலாம். குரல் கரகரப்பு, விழுங்க வலி, கண்ணில் சிவப்புப் புள்ளி, தலைசுற்றல் இருந்தால், அல்லது இல்லாவிட்டாலும், அன்றே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். கழுத்து இரத்தக்குழாய் பாதிப்பு மணிநேரங்கள் கழித்தும் தெரியவரலாம். ‘கீழே விழுந்தேன்’ என்று சொல்லாமல் நடந்ததைச் சொன்னால்தான் விபத்துப் பதிவேட்டில் அது ஏறும். பின்னால் அந்தப் பதிவேட்டின் நகல் (ஏ.ஆர். காப்பி) வழக்குக்குத் தேவைப்படும்.

கொன்றுவிடுவேன் என்றோ, சேர்ந்து சாவோம் என்றோ மிரட்டுவது. வேலையிடத்தில் வந்து நிற்பது. ரப்பர் பால்வெட்டுக் கத்தியையோ ரப்பர் ஷீட்டுக்கு வைத்த ஆசிட்டையோ காட்டிப் பேசுவது. கர்ப்ப காலத்தில் கை ஓங்குவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வெளியேறும் திட்டத்தை அவனிடமோ அவன் பக்கத்து உறவுகளிடமோ முன்கூட்டிச் சொல்லக் கூடாது.

வெளியேறும் முன் சேர்க்க வேண்டியவை: ஆதார், குடும்ப அட்டை நகல், திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கல்விச் சான்றுகள், வங்கிப் புத்தகம், நகை ரசீது, கடவுச்சீட்டு. அசல்கள் பூட்டில் இருந்தால் படமாவது எடுக்க வேண்டும். டிஜிலாக்கரை நம்பும் முன், ஆதாரோடு இணைந்த எண் யாருடையது என்று பார்க்க வேண்டும். அவன் எண் என்றால் ஓடிபி அவனுக்குப் போகும். வேறு வங்கியில், தன் எண்ணில், அம்மா வீட்டு முகவரியில் புதுக் கணக்கு தொடங்கி, அதன்பிறகே சம்பளத்தை மாற்றச் சொல்ல வேண்டும். படத்தை வெளியிடுவேன் என்ற மிரட்டலுக்கு இணையக் குற்ற உதவி எண் 1930.

குடும்ப வன்முறைச் சட்டம் பெண்களுக்கானது. ஆண்கள் மீதும் இதே கட்டுப்பாடு நடப்பதுண்டு. அவர்கள் மிரட்டல், காயம் போன்ற பொதுக் குற்றப் பிரிவுகளையும் விவாகரத்துச் சட்டத்தில் உள்ள மனக்கொடுமையையும்தான் நாட முடியும்.

பக்கத்து வீட்டார் செய்யக்கூடியது

‘விட்டுட்டு வா’ என்று வற்புறுத்துவது அவளுக்கு இன்னொரு ஆளின் கட்டளையாகிவிடும். வரவில்லை என்றால் கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்துவதோ அவன் விரும்பிய தனிமையை நாமே கொடுப்பதாகும். அன்பியக் கூட்டம் (தேவாலயப் பங்கின் அக்கம்பக்க ஜெபக் கூட்டம்), மகளிர் குழுக் கூட்டம், தண்ணீர் பிடிக்கும் நேரம் என்று ஏதோ ஒரு சாக்கில் தொடர்பு அறாமல் இருப்பதுதான் பெரிய உதவி. ஆபத்து என்றால் சொல்ல ஒரு சாதாரண வார்த்தையை முன்பே பேசி வைக்கலாம். எழுத்தில், செய்தியில் எதுவும் வேண்டாம்.

குடும்ப வன்முறைச் சட்டத்தின் பிரிவு 4இன்படி பாதிக்கப்பட்டவள்தான் புகார் தர வேண்டும் என்பதில்லை. தெரிந்த எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தில் தந்த தகவலுக்காக அவர்மேல் வழக்கு வராது. அப்போது சொல்ல வேண்டியவை: வீட்டு அடையாளம், கண்ணால் பார்த்தது என்ன, காதால் கேட்டது என்ன, வீட்டில் பிள்ளைகள் உண்டா, கேமரா உண்டா. இவற்றோடு, அவளைத் தனியாகப் பார்க்கக்கூடிய நேரத்தையும் சொல்ல வேண்டும்: அண்டி ஆபீஸ் விடும் நேரம், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும் நேரம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் கிழமை. அது தெரியாமல் அலுவலர் நேராக வீட்டுக்குப் போனால் கதவைத் திறந்து பதில் சொல்லப்போவது கணவனோ மாமியாரோதான்.